காட்டில் ஓர் இரவு சிக்கினால்: மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

தொலைக்காட்சியில் வரும் சாகச நிகழ்ச்சிகளில் ஆள் முதலில் கத்தியை உருவுவார், அடுத்து நெருப்பு மூட்டுவார், பிறகு எதையாவது பிடித்துத் தின்பார். நீலகிரி, ஆனைமலை, மேகமலை, களக்காடு பக்கம் நடக்கப் போகிறவருக்கு இந்த மூன்றுமே வரிசையில் கடைசி. நம் மலைகளில் காடு எவ்வளவு அடர்ந்திருந்தாலும், ஒரு நாள் நடைக்குள் பெரும்பாலும் ஒரு தேயிலை எஸ்டேட்டோ, பழங்குடிக் குடியிருப்போ, வனத்துறைச் சாவடியோ இருக்கும். பட்டினி ஆளைக் கொல்லும் அளவுக்கு நாள் நீள்வது அரிது. வழுக்கி விழுவது, நனைந்து விறைப்பது, வெயிலில் உடல் வற்றுவது, ஓடையில் திடீர் வெள்ளம், புல்சரிவில் தீ, இருட்டில் எதிரே யானை ஆகியவைதான் இங்கே உயிரை எடுக்கின்றன.

எனவே பையில் ஒரு பொருளை வைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இருந்த இடத்திலேயே ஓர் இரவைக் கழிக்கவும், தேடி வருகிறவர்கள் கண்ணில் படவும் இது உதவுமா?

புறப்படுவதற்கு முந்தைய நாள்

மிகப் பயனுள்ள கருவி ஒரு துண்டுச் சீட்டு. அதை வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். யார் யார் போகிறார்கள், எந்த ஊரில் காட்டுக்குள் நுழைகிறார்கள், எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்குகிறார்கள், வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், எத்தனை மணிவரை தகவல் இல்லையென்றால் போலீசுக்கும் வனத்துறைக்கும் சொல்ல வேண்டும் என்ற ஆறும் அதில் இருக்க வேண்டும். "கொடைக்கானல் பக்கம் போறோம், ஞாயிறு வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனால், தேடுபவர்களுக்கு ஒரு மாவட்டமே தேடும் இடமாகிவிடும்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அதைவிடப் பெரிய சிக்கல், அனுமதியில்லாமல் போனவரை யாரும் தேட மாட்டார்கள் என்பது. அவர் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது. தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையவழி முன்பதிவும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியும் கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். உச்சியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் பிற்பகல் 2 மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது நல்ல விதி. நம் அட்சரேகையில் அந்திப்பொழுது மிகக் குறுகியது. சூரியன் மறைந்து 20–25 நிமிடத்தில் இருட்டிவிடும். சோலைக்காட்டுக்குள் அதற்கும் முன்பே பாதை கண்ணுக்குத் தெரியாது. கடிகாரம் இல்லையென்றால் கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையில் விரல்களைப் படுக்கையாக வைத்துப் பாருங்கள். ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம் என்று கணக்கு. மலையிடுக்கில் இது ஏமாற்றும், ஏனென்றால் அங்கே தெரிவது மலை விளிம்பு. உண்மையான அடிவானம் அதற்குக் கீழே இருக்கிறது.

பைக்குள்

தண்ணீர் தவிர மற்ற எல்லாம் சேர்ந்து 2 கிலோவுக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் "ஒரு நாள்தானே" என்று வீட்டிலேயே விட்டுவிடுவீர்கள். குழுவாகப் போனாலும் விசில், விளக்கு, குப்பைப்பை, தண்ணீர் ஆகிய நான்கும் ஆளுக்கு ஒன்று வேண்டும். பிரிந்து போகிறவர் எப்போதும் பொதுப்பை இல்லாதவராகத்தான் இருப்பார்.

விசில் பிளாஸ்டிக்கில், உள்ளே உருளும் குண்டு இல்லாத வகையாக இருக்கட்டும். குண்டு உள்ளது நனைந்தால் சிக்கிக்கொள்ளும். பையின் தோள்பட்டியில் கட்டுங்கள், உள்ளே போட்டு வைக்காதீர்கள். கால் முறிந்து கிடப்பவரால் பையைத் திறக்க முடியாமல் போகலாம்.

கைவிளக்கைவிடத் தலைவிளக்கு மேல். ஊன்றுகோலுக்கும் பாறையைப் பற்றுவதற்கும் இரண்டு கையும் வேண்டும். 200 லூமென் வெளிச்சம் போதும். மாற்று பேட்டரி ஒரு செட் தனியாக இருக்கட்டும், அது சரியான அளவா என்று வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். செல்பேசி வெளிச்சத்தை நம்பிப் போகாதீர்கள். உதவிக்கு அழைக்க வேண்டிய பேட்டரி அதில்தான் கரையும்.

கனமான பெரிய கறுப்புக் குப்பைப்பை இரண்டு. கடையில் கிடைக்கும் மெல்லியது கிழிந்துவிடும், தொட்டால் தடிமன் தெரிவதைக் கேட்டு வாங்குங்கள். முகத்துக்கு ஓட்டை வெட்டித் தலைவழியாக மாட்டினால் மழைச்சட்டை. ஒன்றுக்குள் காலை விட்டு, இன்னொன்றைத் தலைவழியாக மாட்டினால் படுக்கைப்பை. முகத்தை மூடி மட்டும் எப்போதும் மாட்டக் கூடாது. இதோடு 6 × 9 அடித் தார்ப்பாய் ஒன்றும் 4 மில்லிமீட்டர் நைலான் கயிறு 15 மீட்டரும் இருந்தால் இரவுக்கான கூரை தயார். பளபளக்கும் அவசரப் போர்வையைப் பலர் போர்த்திக்கொள்ள மட்டுமே வாங்குகிறார்கள். பாறைமேல் விரித்தால் அது நல்ல அடையாளக் கொடியும்கூட. அதை நம்பி ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள். அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், ஆனால் காற்றில் ஒரு கிழிசல் விழுந்தால் நீளவாக்கில் கிழிந்துபோகும்.

மருந்துப் பெட்டியில்: 10 செ.மீ. அகலக் கிரேப் பேண்டேஜ் இரண்டு, கிருமி நீக்கிய காயத்துணி ஐந்தாறு, முக்கோணத் துணி ஒன்று, ஒட்டும் நாடா, போவிடோன் அயோடின், பாராசிட்டமால், ஒவ்வாமைக்கு செட்டிரிசின், ஓஆர்எஸ் பொட்டலம் நான்கு. ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய்க்கு வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இரண்டு நாளுக்கு உபரியாக இருக்கட்டும்.

கத்தி சிறியது போதும், 8 செ.மீ. அலகு. அரிவாள் வேண்டாம், களைத்த கை வீசும் அரிவாள் முதலில் பதம் பார்ப்பது சொந்த முழங்காலைத்தான். உணவுக்குக் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும். சமைக்க வேண்டிய எதுவும் தேவையில்லை.

தகவல் தொடர்பு பற்றி வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. செயற்கைக்கோள் போனும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளும் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். விமான நிலையச் சோதனையிலேயே பிடிபட்டு வழக்கைச் சந்தித்த வெளிநாட்டுப் பயணிகள் உண்டு.

உடையில் ஒரு முரண் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள வேண்டும். பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது; நீலகிரிக் காற்றில் அது உடல் சூட்டை உறிஞ்சிவிடும். அங்கே பாலியஸ்டர், ஃப்ளீஸ், கம்பளி நல்லது. ஆனால் பிப்ரவரி முதல் மே வரை காய்ந்த புல்மலையில் நடக்கும்போது செயற்கை இழைத் துணி தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே பருத்தி முழுக்கையே பாதுகாப்பு. எல்லாப் பருவத்துக்கும் ஒரே சட்டை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஏதோ நடந்துவிட்டது: எதை முதலில் செய்வது

மலையேறுபவர்கள் மூன்றின் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். மூச்சில்லாமல் 3 நிமிடம், கடும் குளிர்மழையில் காப்பில்லாமல் 3 மணி நேரம், தண்ணீரில்லாமல் 3 நாள், உணவில்லாமல் 3 வாரம். கறாரான அறிவியல் அளவு என்று இதைச் சொல்ல முடியாது. ஏப்ரல் வெயிலில் பர்வதமலை ஏறுகிறவருக்குத் தண்ணீரில்லாமல் ஒரு பகலே ஆபத்து. ஆனால் வரிசையை நினைவில் வைக்க இது உதவும்.

1. உட்காருங்கள். இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். பத்து நிமிடம் எதையும் முடிவு செய்யாதீர்கள். பதற்றத்தில் எடுக்கும் முதல் முடிவு எப்போதும் "வேகமாக நட" என்பதாகவே இருக்கும்.

2. இடம் பாதுகாப்பானதா என்று பாருங்கள். மேலிருந்து கல் உருளுமா, ஓடைப் படுகையா, தீ வருகிறதா? ஆபத்து இருந்தால் அடிபட்டவரை முதலில் நகர்த்த வேண்டும்.

3. ரத்தப்பெருக்கு. மடித்த துணியை வைத்து, முழு எடையோடு அழுத்துங்கள். பத்து நிமிடத்துக்குக் கையை எடுத்துப் பார்க்கக் கூடாது. பெரும்பாலோர் செய்யும் தவறு இங்கேதான். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொரு முறை திறந்து பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். கைகாலில் பீய்ச்சி அடித்து, அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும் இறுக்குக்கட்டு. காயத்துக்கு 5–7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து, 4 செ.மீ.க்குக் குறையாத அகலத் துணியைக் கட்டி, அதில் குச்சி செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, குச்சியையும் கட்டிவிடுங்கள். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கட்டின் மேலோ எழுதுங்கள். மருத்துவமனையில்தான் அவிழ்க்க வேண்டும்.

4. எலும்பு முறிவு. உள்ளபடியே அசையாமல் கட்டுங்கள். நேராக்க முயல வேண்டாம். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு மூட்டுகளும் கட்டுக்குள் வர வேண்டும். விரல் நுனி வெளுத்தோ சில்லிட்டோ போனால் கட்டு இறுக்கம்.

5. அதன்பிறகுதான் கூரை, தண்ணீர், உதவி.

வழி தவறினால்

"ஓடையைப் பிடித்து இறங்கு, ஊர் வரும்" என்று பழைய அறிவுரை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இது ஆளைக் கொல்லும் அறிவுரை. இங்கே ஓடைகள் அருவியாகக் கொட்டும். வழுக்குப்பாறையில் ஒரு படி இறங்கிய பிறகு மேலே ஏறவும் முடியாது, கீழே குதிக்கவும் முடியாது. பள்ளத்தில் செல்பேசிச் சிக்னல் இருக்காது, விசில் சத்தம் அருவி இரைச்சலில் அமுங்கும். போதாக்குறைக்கு மாலையில் எல்லா விலங்கும் தண்ணீருக்குத்தான் வரும்.

கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் நினைவிருந்தால், நிற்கும் இடத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு, வந்த வழியே 15 நிமிடம் மட்டும் திரும்பி நடந்து பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் அடையாளத்துக்கே வந்து அங்கேயே இருங்கள். மாலை 4 மணிக்கு மேல் இந்தச் சோதனையும் வேண்டாம். வெளிச்சத்தை இரவுக்கான இடம் பார்க்கச் செலவிடுங்கள். காட்டுக்குள் நன்றாக மிதிபட்ட அகலப் பாதை தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது பெரும்பாலும் யானைத்தடம்.

இரவுக்கான இடம்

தண்ணீரிலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி, ஓடை மட்டத்துக்கு நன்றாக மேலே. யானை லத்தி (சாணம்) கிடக்கும் இடம், ஒடிந்த மூங்கில், ஆள் உயரத்துக்கு மேல் சேறு பூசிய மரப்பட்டை தெரிந்தால் அந்த இடத்தை விடுங்கள். தலைக்கு மேலே காய்ந்த கிளை இருக்கக் கூடாது. மலைமுகட்டில் காற்றும் இடியும், பள்ளத்தில் குளிரும் ஈரமும். நடுச்சரிவில் பெரிய பாறையின் காற்றடிக்காத பக்கம் சரி. பாறைப் பொந்துக்குள் நுழைய வேண்டாம். கரடியும் மலைத்தேனீயும் அங்கே முன்பே குடியிருக்கலாம்.

கயிற்றை இடுப்பு உயரத்தில் இரண்டு மரங்களுக்கிடையே கட்டி, தார்ப்பாயைக் குறுக்கே போட்டு, காற்று வரும் பக்கத்து விளிம்பைத் தரையோடு கல் வைத்து அழுத்துங்கள். உயரமாகக் கட்டினால் சாரல் உள்ளே வரும். தரைதான் அதிகச் சூட்டை உறிஞ்சும், எனவே போர்த்துவதைவிட அடியில் போடுவது முக்கியம். பை, கயிற்றுச் சுருள், செருப்பு, கையில் உள்ள எல்லாவற்றையும் பரப்பி அதன்மேல் உட்காருங்கள். சருகு பரப்புவதென்றால் குச்சியால் நன்றாகத் தட்டிக் கிளறிய பிறகு. தேளும் குழிவிரியனும் அதற்குள்தான் இருக்கும். இருவர் இருந்தால் முதுகோடு முதுகு.

நெருப்பு? காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். கோடையில் உங்கள் குழுவையே எரிக்கக்கூடியதும். மழைக்காலத்தில் ஈர விறகு எரியாது. நெருப்பு இல்லாமல் இரவைக் கழிக்கும்படிதான் பையைக் கட்ட வேண்டும்.

குளிரும் சூடும்

1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6–6.5 பாகை செல்சியஸ் குறையும். தொட்டபெட்டா 2,637 மீட்டர். சமவெளியில் 30 பாகை இருக்கும்போது அங்கே 13, 14 என்று வரும். நனைந்த உடலுக்குக் காற்றோடு அதுவே போதும். நடுக்கம், நாக்குக் குழறல், கால் தடுமாற்றம், சட்டைப் பொத்தானைப் போட முடியாமை ஆகியவை தொடக்க அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று அமைதியானால் அவர் தேறவில்லை, மோசமாகிவிட்டார். ஈரத்துணியைக் கழற்றி, காய்ந்ததை மாட்டி, குப்பைப்பைக்குள் உட்கார வைத்து, விழிப்போடு இருந்தால் இனிப்பு கொடுங்கள். சாராயம் கூடாது, கைகாலைத் தேய்ப்பதும் கூடாது.

வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வேர்வை போவது சாதாரணம். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் உப்பு குறைந்து தலைவலியும் வாந்தியும் வரும். பலர் அதை நீரிழப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். ஓஆர்எஸ் பெரிய பொட்டலம் ஒன்றுக்குத் தண்ணீர் சரியாக 1 லிட்டர். அது இல்லாவிட்டால் 1 லிட்டருக்குத் தட்டையாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. பேச்சு குழம்பி உடல் கொதித்தால் அது வெப்பவாதம். நிழலில் படுக்க வைத்து, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் இதற்குச் செலவிடலாம்.

ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே எஸ்டேட்டும் மாடும் இருக்கும். வேட்டியை நான்காக மடித்து வடிகட்டி, குளோரின் மாத்திரையைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி போட்டு, 30 நிமிடம் விடுங்கள். கலங்கல் நீரில் போட்டால் மருந்து கலங்கலிலேயே தீர்ந்துபோகும், வடிகட்டுவது அதற்காகத்தான். ஆனால் வேறு தண்ணீரே இல்லாமல் உடல் வற்றினால் அப்படியே குடியுங்கள். வயிற்றுப்போக்கை நாளை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

தீ, வெள்ளம், இடி

தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்ற குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்சரிவில் தீ என்ன செய்யும் என்பதை ஒவ்வொரு நடையாளியும் தெரிந்திருக்க வேண்டும். தீ மேல்நோக்கி ஏறும். சரிவு 10 பாகை கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேலே ஓடி அதை வெல்ல முடியாது. பக்கவாட்டில் விலகி, புல்லில்லாத பாறை, ஓடைப்படுகை, ஏற்கெனவே எரிந்து கறுத்த இடம் ஆகியவற்றில் ஒன்றை எட்டுங்கள். புகை தெரிந்த அந்த நிமிடமே இறங்கத் தொடங்குவதுதான் உண்மையான தப்பித்தல்.

வெள்ளம் வேறு மாதிரி ஏமாற்றும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மழை பெய்திருக்கும். சதுரகிரியில் 2015 மே மாதமும், பழைய குற்றாலத்தில் 2024 மே மாதமும் இப்படி வந்த நீர்தான் உயிர்களைப் பறித்தது. தண்ணீர் நிறம் மாறுவது, சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வருவது, மேலே லாரி வருவதுபோன்ற இரைச்சல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பொருளை எடுக்க நிற்காமல் கரையேறுங்கள். முழங்காலுக்கு மேல் ஓடும் நீரைக் கடக்காதீர்கள். சிறிய ஓடை ஏறிய வேகத்திலேயே சில மணி நேரத்தில் வடிந்துவிடும், காத்திருங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவானால் அது 10 கி.மீ.க்குள். முகட்டையும் தனிமரத்தையும் விட்டு இறங்கி, ஒருவருக்கொருவர் விலகி இருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்து நடக்கலாம்.

யானை, பாம்பு, அட்டை

யானையைக் கண்டால் படம் எடுப்பதற்கு முன் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். அது உங்களை மோப்பம் பிடிக்கும் பக்கத்திலிருந்து விலகி, வந்த வழியே அமைதியாகப் பின்வாங்குங்கள். துரத்தினால் பெரிய மரங்களுக்கும் பாறைகளுக்கும் இடையில் புகுங்கள், பையைக் கழற்றிப் போடுங்கள். அதை முகர்ந்து பார்க்க அது சில நொடி நிற்கலாம்.

பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள், கடிபட்ட கைகாலை முறிவுக்குக் கட்டுவதுபோல் அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். இந்திய நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சிலிருந்து செய்யப்படுகிறது. அந்த நஞ்சில் பெரும்பங்கை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம்தான் நெடுங்காலம் வழங்கி வந்திருக்கிறது. மலைக்காட்டுக் குழிவிரியன்கள் அந்த நான்கில் சேராதவை, அவற்றுக்கு அந்த மருந்தை நம்ப முடியாது. பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டாம். தூரத்திலிருந்து ஒரு படம் கிடைத்தால் மருத்துவருக்கு உதவும்.

அட்டையை நெருப்பு வைத்தோ உப்பு போட்டோ பிய்க்காதீர்கள், வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடும். மெல்லிய முனையின் அடியில் நகத்தைச் செருகித் தள்ளினால் விட்டுவிடும்.

உதவியை அழைப்பது

அழைக்க வேண்டிய எண் 112. உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் முயலுங்கள், வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகக் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் செல்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, மணிக்கு ஒருமுறை மட்டும் உயரமான இடத்தில் திறந்து பாருங்கள். சிக்னல் தேடித்தேடியே பேட்டரி தீர்வதுதான் வழக்கம். ஜிபிஎஸ் சிக்னலின்றியும் வேலை செய்யும். அட்சரேகை, தீர்க்கரேகையை 11.4010, 76.7350 என்பதுபோல் நான்கு தசமத்தில் குறுஞ்செய்தியாக அனுப்பினால் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் உங்கள் இடம் தெரிந்துவிடும். பேச முடியாத சிக்னலிலும் குறுஞ்செய்தி போய்ச் சேரும். வாட்ஸ்அப் அப்படிப் போகாது. செய்தியில் இடம், எத்தனை பேர், என்ன காயம், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வர வேண்டும்.

விசிலை நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். மறுபடி ஆறு. இரவில் விளக்கை அதே கணக்கில் மினுக்குங்கள். மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கண்டுகொண்டார்கள். அப்போதும் நிறுத்தாதீர்கள், அவர்கள் வந்து தொடும்வரை ஊதிக்கொண்டே இருங்கள். சத்தத்தை வைத்துத்தான் பள்ளத்தாக்கில் திசை பிடிக்க முடியும்.

திரும்பி வந்த பிறகு

அன்றே குளித்து, உடலை முழுதும் பாருங்கள்: முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப்பட்டை, காதுக்குப் பின்னால். உண்ணி ஒட்டியிருந்தால் தோலோடு ஒட்டிய இடத்தில் இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள், முறுக்க வேண்டாம். துணியை வெந்நீரில் போடுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுக்குப் போனதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு எங்காவது இருந்தால் காட்டுங்கள். அது உண்ணிக்காய்ச்சலின் அடையாளம். தமிழகத்தில் அது அபூர்வமான நோய் இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற எளிய மருந்திலேயே அடங்கும், தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ஓடையில் நனைந்த காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சலுக்கும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.